அறுபத்தோராவது குழந்தை

பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி பங்குத்தந்தை எங்களைக் கேட்டுக்கொண்டபோது, அதனை ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடிய வேலையென்றே எண்ணினோம். பங்குப் பேரவையின் கல்விக் குழுவில் நாங்கள் ஐவர். எங்களுள் இருவர் அதே பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் அஞ்சலகத்தில் இருந்தவர். மற்ற இருவர் கடை வைத்திருப்பவர்கள். நான்கு வரி எழுதத் தெரியாதவர்கள் அல்லர். ஆயினும் அக்கடிதம் முடிவதற்கு ஏழு வாரங்கள் ஆயின. 2024-ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் தொடக்கத்தில் கையில் எடுத்த தாள், பாஸ்காவின் இரண்டாம் ஞாயிறன்றுதான் அன்பியங்களின் வழியாக வீடுகளைச் சென்றடைந்தது.

எங்கள் ஊரில் ஆலயமும் பள்ளியும் ஒரே கூரையின்கீழ்த் தொடங்கியவை. வார நாள்களில் வகுப்பறை. ஞாயிறன்று பீடத்தின் முன்னிருந்த திரையை விலக்கினால் அதுவே கோயில். உபதேசியாரே ஆசிரியர். காலையில் செபம் சொல்லிக்கொடுத்தவரே பகலில் மணலில் எழுத்தும் எழுதப் பழக்கினார். தென் மாவட்டங்களில் பழைய பங்குகள் பலவற்றின் கதையும் இதுவே. பின்னர்ப் பள்ளிக்குத் தனிக் கட்டடம் எழுந்தது. அரசின் உதவி கிடைத்தது. நடுநிலைப் பள்ளியாக உயர்ந்தது. ஒரு காலத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பிரிவுகள் இருந்தன. நாங்கள் கடிதம் எழுத அமர்ந்த அன்று முதல் ஐந்து வகுப்புகளிலும் சேர்த்து 64 குழந்தைகள். ஆறு முதல் எட்டு வரை 29 பேர்.

இந்த 64 என்ற எண்ணின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, தொடக்க வகுப்புகளில் 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று ஆசிரியர். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 அன்று உள்ள எண்ணிக்கையைக் கொண்டு பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுகின்றன. ஆகவே எங்கள் பள்ளியிலிருந்து நான்கு குழந்தைகள் வெளியேறினால் ஓர் ஆசிரியர் ‘உபரி’ ஆகிவிடுவார். ஐந்து வகுப்புகளையும் இருவர் பார்க்க வேண்டிவரும். அதைக் கண்டு மேலும் சிலர் வெளியேறுவர். ஏணியில் ஏறுவதற்குத்தான் படிகள் தனித்தனியே உண்டு. விழுவதற்கு இல்லை என்பார் எங்களுள் மூத்தவர். பங்குத்தந்தை கடிதம் கேட்டதன் காரணமும் அந்த எண்ணிக்கைதான். பெற்றோரைத் தக்கவைக்க வேண்டும். அதற்கு நம்பிக்கையூட்டும் மடல் ஒன்று வேண்டும்.

எங்கள் முதல் வரைவு நம்பிக்கையூட்டும் மடலாகவே அமைந்தது. நூற்றாண்டுப் பாரம்பரியம் அதில் இருந்தது. இப்பள்ளியில் பயின்று குருக்களாகவும் கன்னியராகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தோர் இருந்தனர். ஒழுக்கமும் இறைப்பற்றும் இருந்தன. இரண்டு பக்கம். தலைமையாசிரியையான அருட்சகோதரி அதைப் பொறுமையாகப் படித்தார். பின்னர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “இதிலே பிள்ளைங்க எங்கே இருக்காங்க?”

அவர் எங்கள் ஊருக்கு வந்து அப்போது எட்டு மாதங்களே ஆகியிருந்தன. மறுநாள் எங்களைப் பள்ளிக்கு வரச்சொன்னார். மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 38 பேரையும் ஒவ்வொருவராக அழைத்து, இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்திலிருந்து ஒரு பத்தியை எங்கள் முன் வாசிக்கச் சொன்னார். அந்தக் காலைப்பொழுது எங்களுக்கு மறக்கக்கூடியதன்று. தட்டுத் தடுமாறாமல் வாசித்தோர் 14 பேர். சிலர் எழுத்துக்கூட்டி ஒரு வரியைக் கடந்தனர். சிலர் புத்தகத்தைப் பார்க்காமலே, மனப்பாடமாகத் தெரிந்த வேறொரு பாடத்தைச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், ஞாயிறுதோறும் பீடச் சிறுவனாக நின்று தூபக்கலசம் ஏந்துபவன், புத்தகத்தை வாங்கிக் கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தான். வாசிக்கவில்லை. எங்களுள் ஓய்வு பெற்ற ஆசிரியை எழுந்து வெளியே சென்றுவிட்டார். அந்தச் சிறுவனின் தந்தைக்கு எழுத்தறிவித்தவர் அவர்.

தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததை நாங்கள் காரணமாகக் காட்டினோம். அது பொய்யன்று. அன்று முதல், இரண்டாம் வகுப்பில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் எழுத்தை வீட்டிலிருந்தே கற்றிருக்க வேண்டும். பீடி சுற்றும் வீடுகளில் அதற்கு யார் இருந்தார்கள்? ஆனால் அதற்குப் பின் பள்ளி திறந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டனவே என்றார் சகோதரி. அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையும், அதற்கான பயிற்சி நூல்களும் எங்கள் பள்ளிக்கும் வந்திருந்தன. பதிவேடுகளில் எல்லாம் நிறைவாகவே இருந்தது. அலமாரியில் நூல்களும் புதியனவாகவே இருந்தன. அதுதான் சிக்கல்.

ஆகவே இரண்டாம் வரைவு தொடங்கியது. 38 குழந்தைகளுள் 14 பேர் என்பதை எழுதுவதா என்பதே முதல் வழக்கு. எழுதினால் நான்கு பேரென்ன, நாற்பது பேர் போவார்கள் என்றார் எங்களுள் ஒருவர். அவர் கூறியதை எளிதில் தள்ளிவிட முடியாது. பள்ளி மூடப்பட்டால் யாருக்கு இழப்பு? வண்டி வைத்து நகரத்து மெட்ரிக் பள்ளிக்கு அனுப்ப வசதியுள்ளவர் எப்போதோ அனுப்பிவிட்டார். எஞ்சியிருப்போர் எளியவர்கள். உண்மையைச் சொல்லி அவர்களுடைய பள்ளியை அவர்களிடமிருந்தே பறிப்பதா? பங்குத்தந்தையும் ஏறக்குறைய இதே கருத்தினர். அவர் எதையும் மறைக்க விரும்பியவர் அல்லர். ஒரு நிறுவனம் தம் காலத்தில் தம் கையில் அணைந்துவிடக் கூடாதே என்று அஞ்சினார். தாளாளர் பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்த அச்சம் புரியும்.

இத்தருணத்தில் எங்களுள் ஒருவர் திருச்சபைச் சட்டத் தொகுப்பை எடுத்துவந்தார். 1983-இல் வெளியான அத்தொகுப்பின் 796-ஆம் சட்டம், பெற்றோர் ஆசிரியரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்பதோடு, ஆசிரியரும் பெற்றோருக்கு விருப்புடன் செவிமடுக்க வேண்டும் என்கிறது. அடுத்த சட்டமோ பள்ளியைத் தேர்ந்துகொள்வதில் பெற்றோருக்கு உண்மையான சுதந்திரம் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையும் பெற்றோரையே முதன்மையான கல்வியாளர் என்று காட்டுகிறது. இவற்றையெல்லாம் நாம் பெரும்பாலும் அரசை நோக்கியே எடுத்துக்காட்டி வந்திருக்கிறோம். சிறுபான்மையினர் உரிமை பறிபோகிறது என்று மேடையில் முழங்கும்போது நினைவுக்கு வரும் சட்டங்கள் இவை. நம் பள்ளிக்கே அவை பொருந்தும் என்பது எங்களுக்குக் கூச்சம் தரும் புதிய செய்தியாக இருந்தது. செய்தி தெரியாதவனுக்குத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் ஏது?

இத்தாலியில் பார்பியானா என்னும் மலைச் சிற்றூரில் பங்குப் பணியாற்றிய லொரென்ட்சோ மிலானி அடிகளாரையும் அப்போது நினைத்துக்கொண்டோம். அரசுப் பள்ளிகள் தோல்வியடையச் செய்து வெளியேற்றிய உழவர் மக்களின் பிள்ளைகளை அவர் தம் பங்கு இல்லத்தில் அமர்த்திக் கற்பித்தார். அப்பிள்ளைகள் எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் நூல் 1967-இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் அடிகளார் இறந்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2017-இல் அவருடைய கல்லறைக்குச் சென்று செபித்தார். தலைப்பு ஆசிரியையை நோக்கியிருந்தாலும், தாங்கள் எழுதுவது பெற்றோருக்காகவே என்று அச்சிறுவர்கள் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார்கள். தங்கள் பிள்ளைக்கு நேர்ந்தது பிள்ளையின் குறையால் நேர்ந்தது என்று ஏழைப் பெற்றோர் நம்பிவிடுகிறார்கள் என்பதே அவர்களது கவலை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். “அவனுக்குப் படிப்பு ஏறல சாமி” என்று பங்குத்தந்தையிடம் சொல்லும் தாய்மார் எத்தனை பேர்! ஏற்றப்பட்டதா என்று அவர்கள் கேட்டதில்லை.

14 என்னும் எண் கடிதத்தில் ஏறியது.

அடுத்த வழக்கு இதனினும் கடினமானது. வேறு என்னென்ன வழிகள் இருக்கின்றன என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டுமா? நம் கடை வாசலில் நின்று அடுத்த கடைக்கு வழி சொல்வதா என்று கடைக்காரரான எங்கள் நண்பர் கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்று முடிவானபின், சொல்வதற்கு எவ்வளவு இருக்கிறது என்று கண்டு வியந்தோம். பலவற்றை நாங்களே அப்போதுதான் தெரிந்துகொண்டோம். அரை மைல் தொலைவில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி உண்டு. 2023-இலிருந்தே அங்கே காலை உணவு கிடைத்துவந்தது. எங்கள் பள்ளிக்கு இன்னும் வரவில்லை. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கப்படும் 25 விழுக்காட்டு இடங்கள் நுழைவு வகுப்பில் மட்டுமே. நான்காம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டமே பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், நகரத்தில் கன்னியர் நடத்தும் பெரிய பள்ளியில் அந்த ஒதுக்கீட்டை எதிர்பார்க்கவும் முடியாது. இதை எழுதும்போது எங்கள் பேனா சற்று நின்றது.

மிகவும் வருத்தியது 7.5 விழுக்காட்டுச் செய்தி. 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மருத்துவக் கல்லூரிகளில் அந்த உள் ஒதுக்கீட்டைப் பெறுவதற்கு, ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றிருக்க வேண்டும். மறு ஆண்டிலேயே பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிவாயிற்று. அரசு உதவி பெறும் பள்ளியில் பயில்வோருக்கு அது கிடையாது. அதே ஏழ்மை, அதே பாடநூல், அதே தமிழ்வழி. கட்டடம் மட்டுமே வேறு. இது நியாயமா என்பது வேறு வினா. நியாயமன்று என்றே நாங்கள் கருதுகிறோம். ஆனால் எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒரு பிள்ளையை ஆறாம் வகுப்பிலும் இங்கேயே இருத்துவதால் அதற்கு ஒரு கதவு மூடுகிறது. அதை அந்தத் தாயிடம் சொல்லாதிருக்கலாமா?

“நம்ம பிள்ளைங்கள்ல எத்தனை பேர் டாக்டராகப் போறாங்க சிஸ்டர்?” என்று பங்குத்தந்தை மெல்லக் கேட்டார்.

“ஒருத்திகூட ஆகாம போகலாம் ஃபாதர். பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் அவ அம்மாவுக்குத் தெரிய வந்தா, நம்ம முகத்தை எங்கே வைக்கிறது?”

தந்தை மறுமொழி கூறவில்லை. அன்றிரவு எங்களுக்குச் செய்தி அனுப்பினார்: எழுதிவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ் குறித்தும் ஒரு வரி சேர்த்தோம். விலக விரும்பும் பெற்றோரை ‘நாளை வா, தாளாளர் ஊரில் இல்லை’ என்று அலைய விடும் வழக்கம் எங்கள் பள்ளியில் பல ஆண்டுகளாக இருந்தது. எங்களுள் இருவருக்கு அதில் நேரடிப் பங்குண்டு. கேட்டவுடன் சான்றிதழ் தர வேண்டும் என்பதும், அது தாமதமானாலும் மற்றப் பள்ளி சேர்க்கையை மறுக்கலாகாது என்பதும் சட்டம். ‘கேட்ட அன்றே தரப்படும்’ என்று எழுதினோம். எங்கள் கையால் அவ்வாறு எழுதியது ஒருவகை ஒப்புரவு என்றே தோன்றியது.

பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதற்கு ஒரு பக்கம். காலையில் முதல் ஒரு மணி நேரம் எல்லா வகுப்புகளுக்கும் வாசிப்பு. வயதை விட்டு நிலையைப் பார்த்துக் குழுக்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு குழந்தையும் தன் பெற்றோர் முன்னிலையிலேயே வாசித்துக் காட்டும். பள்ளி மேலாண்மைக் குழு மெய்யாகவே கூடும். சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியிலும் அப்படியே இருந்தது, பதிவேட்டில். கையெழுத்துகள் வீட்டுக்கு அனுப்பி வாங்கப்பட்டவை. ஆங்கிலத்திற்கென்று பங்கின் செலவில் ஓர் ஆசிரியை. இதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதில் பங்குப் பேரவையில் எழுந்த பூசல் தனிக் கட்டுரைக்கு உரியது. பாதுகாவலர் திருவிழாவின் வாணவேடிக்கையைப் பாதியாகக் குறைப்பதென்று முடிவானது. அந்த ஆண்டு வானம் பார்த்தவர்கள் எங்களைச் சபித்ததாகக் கேள்வி.

கடிதம் சென்ற மறுவாரம் பெற்றோர் கூட்டம். நாங்கள் எதிர்பார்த்ததைவிட மும்மடங்கு பேர் வந்தனர். பேச வேண்டியவற்றை வரிசையாகப் பேசினோம். சிலர் எழுத்தறியாதவராகையால் கடிதத்தை ஒருமுறை உரக்கப் படித்தோம். முதல் கேள்வி காலை உணவைப் பற்றியது. கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வரும் என அறிவித்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை, வந்தபின் சொல்கிறோம் என்றார் சகோதரி. வந்துவிடும் என்றே சொல்லியிருக்கலாமே என்று எங்களுக்குத் தோன்றியது. (2024 ஜூலை 15 அன்று அது வந்தது.) ஆங்கில வழி உண்டா என்றார் ஒரு தந்தை. இல்லை. அவர் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டுச் சென்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு நாவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். விரல் நுனிகளில் பீடி இலையின் கறை தெரிந்தது. எங்களுள் மூத்தவரைப் பார்த்துக் கேட்டார்: “அண்ணாச்சி, எல்லாம் சரியாத்தான் சொல்லுதீய. ஒங்க பேரப்பிள்ளைய எங்க படிக்கி?”

அவையில் சிரிப்பு எழவில்லை. எழுந்திருந்தால் எங்களுக்கு எளிதாயிருந்திருக்கும். எங்கள் ஐவர் வீட்டுப் பிள்ளைகளுள் ஒருவர்கூட அப்பள்ளியில் பயிலவில்லை. அங்கே முப்பது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியையின் மக்களும் நகரத்தில் பயின்றவர்களே. ஏழு வாரங்கள், எத்தனை வரைவுகள், எத்தனை எண்கள்! இந்த ஓர் உண்மையை எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. மூத்தவர் தம் பேரன் பயிலும் பள்ளியின் பெயரைச் சொன்னார். “அங்க எம்புள்ளய சேக்க முடியுமா?” என்று அந்தத் தாய் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, வழி கேட்பவர் போலவே கேட்டார். கட்டணத்தையும் வண்டிச் செலவையும் அவருக்குச் சொன்னோம். அவர் தலையசைத்து அமர்ந்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஏழு பேர் தொடக்க வகுப்புகளிலிருந்து விலகினர். ஆறாம் வகுப்பிற்குச் செல்ல வேண்டியவர்களுள் ஐவர் அரசு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்றனர். கேட்ட அன்றே சான்றிதழ் கொடுத்தோம். முதல் வகுப்பில் சேர்ந்தோர், எங்கிருந்தோ திரும்பி வந்தோர் எல்லாரையும் கூட்டி ஆகஸ்டு 1 அன்று எண்ணியபோது 59. இருவர் குறைவு. இருப்பவர்களுள் இளையவரும், வாசிப்பு மணி நேரத்தை உயிரோடு நடத்திக்கொண்டிருந்தவருமான ஆசிரியை உபரியாகக் கணக்கிடப்பட்டு வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். அவர் விடைபெற்ற நாளில் குழந்தைகள் அழுதார்கள். உங்கள் கடிதம்தான் அந்த ஆசிரியையைப் போக்கியது என்று பேரவையில் இன்றும் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு எங்களிடம் மறுமொழி இல்லை. கடிதம் எழுதாதிருந்தால் 61 இருந்திருக்குமோ என்னவோ.

கேள்வி கேட்ட தாய் விலகவில்லை. மேலாண்மைக் குழுவில் இப்போது அவரும் ஓர் உறுப்பினர். வியாழன் மாலைகளில் இலைக்கட்டையும் தட்டையும் பள்ளித் தாழ்வாரத்திற்கே கொண்டுவந்து சுற்றிக்கொண்டு, குழந்தைகள் வாசிப்பதைக் கேட்கிறார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது காதுக்குத் தெரிகிறது. “நில்லு, மறுபடி சொல்லு” என்கிறார். வேறு சில தாய்மாரும் வரத் தொடங்கினர். நவம்பரில் மீண்டும் சோதித்தபோது, மேல் மூன்று வகுப்புகளின் 34 குழந்தைகளுள் 21 பேர் அந்தப் பத்தியை வாசித்தார்கள். பீடச் சிறுவன் ஆறாம் வகுப்பிற்கு அரசுப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனைச் சோதிக்க எங்களுக்கு உரிமையில்லை. ஞாயிறு தூபக்கலசத்தோடு வருகையில் எங்களைப் பார்த்து அதே சிரிப்புச் சிரிக்கிறான்.

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் நகரத்திலேயே பயில்கிறார்கள்.

அந்த டிசம்பரில் இரண்டாவது கடிதம் எழுத அமர்ந்தோம். காலை உணவு வந்துவிட்டதையும், 21 என்ற எண்ணையும் முதலில் எழுதியிருந்தோம். ஆங்கில ஆசிரியை செப்டம்பரில், கூடுதல் ஊதியம் தந்த வேறு பள்ளிக்குச் சென்றுவிட்டார். அவ்விடத்திற்கு எவரும் கிடைக்கவில்லை. அதை இரண்டாம் பக்கத்தின் கீழே சேர்த்திருந்தோம். வரைவை வாங்கிப் பார்த்த சகோதரி, அவ்வரியை வட்டமிட்டு, முதல் பக்கத்தின் மேலே அம்புக்குறி போட்டுத் திருப்பித் தந்தார்.